குழுவோடு ஓடும்போது ஓட்டம் தண்டனையாகத் தெரிகிறது, பழைய சந்தோஷம் திரும்ப வருமா?

தடம்தேடி கேட்டது:

பள்ளி, கல்லூரி நாட்களில் ஓட்டம் ரொம்பப் பிடித்த விஷயம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரு ஃபிட்னஸ் குழுவில் சேர்ந்திருக்கிறேன். வயது 41. வாரத்தில் மூன்று நாள் வகுப்பு. 10 நிமிடம் வார்ம்அப், 30 நிமிடம் ஸ்குவாட், லஞ்ச் (ஒரு காலை முன்னே வைத்துத் தாழ்வது), பர்ப்பி (கீழே குனிந்து, காலைப் பின்னே உதைத்து, எழுந்து குதிப்பது), பிளாங்க் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் சர்க்யூட், கடைசியில் எல்லோரும் சேர்ந்து 4 கிலோமீட்டர் ஓட்டம். குழுவின் வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடத்துக்குச் சற்று உள்ளே.

முதல் கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குகிறது, மூன்றாவதில் கால் கனத்துவிடுகிறது. வாட்ச் இதயத்துடிப்பை 172, 175 என்று காட்டுகிறது. முடித்ததும் "அப்பாடா" என்ற நிம்மதி வருகிறதே தவிர, ஓடிய சந்தோஷம் வரவில்லை. கீழ்க்காலில் உள்பக்கம், எலும்பை ஒட்டி லேசான வலியும் இருக்கிறது.

குழுவை விட மனமில்லை, ஆட்கள் நல்லவர்கள். அதற்குள்ளேயே இருந்துகொண்டு எதை மாற்றலாம்? கோச்சிடம் குறிப்பாக என்ன கேட்கலாம்?

மிதவேகம் பதில்:

உங்களுக்கு ஓட்டம் கசந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். களைத்த காலோடு, தாங்காத வேகத்தில் ஓடினால் யாருக்கும் கசக்கும். இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள்.

முதலில் வரிசை. 30 நிமிடம் ஸ்குவாட்டும் லஞ்சும் செய்து முடித்த தொடையும் இடுப்புத் தசையும் உடனே முழு பலத்தோடு வேலை செய்யாது. அந்த நிலையில் ஓடினால் இடுப்பு தாழும், பாதம் உடலுக்கு வெகு முன்னால் போய் விழும், ஒவ்வொரு அடியும் பிரேக் போட்ட மாதிரி ஆகும். அதே வேகத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் செலவாகும். கோச்சிடம் கேட்க வேண்டியது இதுதான்: மூன்று நாளில் ஒரு நாளாவது ஓட்டத்தை முதலில் வைத்து, சர்க்யூட்டை அதற்குப் பிறகு வைக்க முடியுமா? முடியாது என்றால், அந்த ஒரு நாள் மட்டும் உங்களுக்குக் கால் பயிற்சியைக் குறைத்து, கை, தோள், வயிற்றுக்கான பயிற்சி கொடுக்க முடியுமா?

அடுத்து வேகம். ஓடிக்கொண்டே பத்துப் பன்னிரண்டு சொற்கள் கொண்ட ஒரு முழு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சுக்காக நிறுத்த வேண்டி வந்தால் வேகம் அதிகம். குழுவில் ஓடுவதில் உள்ள வசதி, இந்தச் சோதனைக்குப் பக்கத்திலேயே ஆள் இருப்பார். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 15 நொடியிலிருந்து 7 நிமிடம் 45 நொடி வரை ஏதோ ஓர் இடத்தில் அந்த வேகம் இருக்கும். அதுவும் கடினமாக இருந்தால் 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. அமெரிக்க ஓட்டவீரர் ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. பலர் இதில் தவறும் இடம் ஒன்றுதான்: மூச்சு முட்டிய பிறகு நடக்கிறார்கள். முதல் 3 நிமிடம் முடிந்ததுமே, தெம்பு இருக்கும்போதே நடக்கத் தொடங்க வேண்டும். அப்போதுதான் கடைசிச் சுற்றும் முதல் சுற்று மாதிரியே இருக்கும்.

தொடக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடத் தொடங்கியதும் தசை கேட்கும் ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் உடனே கொடுத்துவிடாது, ஈடுகட்ட இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதனால் தொடக்கம் எல்லோருக்குமே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும், பழகிய ஓட்டக்காரர்களுக்கும்கூட. அந்த நேரத்தில் குழுவின் வேகத்தைப் பிடிக்கப் போனால், அந்த ஆக்சிஜன் கடனை ஓட்டம் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும். முதல் 5 நிமிடம் வேக நடை, அடுத்த 5 நிமிடம் "இது ரொம்ப மெதுவாச்சே" என்று தோன்றும் ஓட்டம். அதற்குப் பிறகுதான் உங்கள் வேகம்.

சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்பதும் இங்கே பொருந்துகிறது. உடலே சுரக்கும் வலிநீக்கியான எண்டார்ஃபின்தான் காரணம் என்று பல காலமாகச் சொல்லி வந்தார்கள். ஆனால் ரத்தத்தில் சுரக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழையாது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், எண்டார்ஃபின் வேலை செய்யும் இடங்களான ஓபியாய்டு ஏற்பிகளை நால்ட்ரெக்ஸோன் மருந்தால் அடைத்த பிறகும் மிதமாக ஓடியவர்களுக்கு அந்த இதமான உணர்வு வரவே செய்தது. உடல் தானாகச் சுரக்கும் எண்டோகன்னாபினாய்டு என்ற பொருள்மீதுதான் இப்போது ஆய்வாளர்களின் கவனம். அது நன்றாக ஏறுவது மிதமான வேகத்தில், அதுவும் தொடர்ந்து கொஞ்ச நேரம் ஓடும்போது. திணறி ஓடும் 20 நிமிடத்தைவிட, பேசிக்கொண்டு ஓடும் 35 நிமிடம் உங்களுக்கு அதிகம் தரும்.

கடைசிவரிசை பதில்:

மேலே சொன்னது எல்லாம் சரிதான். ஆனா குழுவோட அமைப்பு மாறலைன்னா நீங்க தனியா மெதுவா ஓடி, பின்னாடி ஒத்தையா வர்றதுதான் நடக்கும். அதுவும் சந்தோஷத்தைக் கெடுக்கும். கோச்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க: தூரத்தை வச்சு ஓட வேண்டாம், நேரத்தை வச்சு ஓடலாம்.

எல்லாரும் ஒரே இடத்துல கிளம்பணும். அவங்கவங்க வேகத்துல 15 நிமிஷம் போகணும். விசில் சத்தமோ வாட்ச் அலாரமோ கேட்டதும், யார் எங்க இருந்தாலும் அங்கேயே திரும்பி ஓடி வரணும். போன வேகத்துலயே வந்தா எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்துல கிளம்பின இடத்துக்கு வந்து சேருவாங்க. திரும்புற அந்த நொடியில பின்னாடி இருந்தவங்க முன்னாடி வந்துடுவாங்க, வேகமா ஓடுறவங்க துரத்திட்டு வரணும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, யாரும் தனியா மாட்டிக்க மாட்டாங்க. இதுல கெடுறது ஒரே இடத்துலதான்: மெதுவா ஓடுறவங்க போறப்போ கூட்டத்தோட ஒட்டிக்கிட்டுப் போயிட்டு, திரும்ப வர்றப்போ தெம்பில்லாம நடந்து வருவாங்க. "திரும்பி வர்ற பாதி 30 நொடி சீக்கிரம் முடியணும்"னு ஒரு விதி வச்சா போதும், போறப்போ தானா அடங்கிப் போவாங்க.

பல குழுக்கள்ல இன்னொரு பழக்கம் இருக்கு. முன்னாடி போனவங்க ஒரு இடத்துல நின்னு காத்திருப்பாங்க, கடைசி ஆள் வந்து சேர்ந்த உடனே "சரி, போலாம்"னு கிளம்பிடுவாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா ஓய்வு வேணாத ஆளுக்கு ஓய்வு, வேணுங்கிற ஆளுக்கு ஒரு நொடிகூட இல்லை. தயவுசெஞ்சு இதை நிறுத்தச் சொல்லுங்க. நிக்கிறதுக்குப் பதிலா முன்னாடி போனவங்க திரும்பி ஓடிவந்து கடைசி ஆளுக்குப் பின்னாடி சேர்ந்துக்கணும். அவங்களுக்குத் தூரம் கூடும், உங்களுக்குத் துணை கிடைக்கும்.

ஜோடியா ஓடுறப்போ பக்கத்துல இருக்குறவர் எப்பவும் அரை அடி முன்னாடியே இருக்காரான்னு கவனிங்க. அவருக்கே தெரியாம நடக்கும். நீங்க எட்டிப் பிடிப்பீங்க, அவர் மறுபடி அரை அடி போவார், 2 கிலோமீட்டர்ல வேகம் எங்கேயோ போயிருக்கும். தோளுக்குத் தோள் வாங்கன்னு வாய்விட்டுச் சொல்லிடுங்க.

வேகம் வேணும்னு கேட்கிற நாளுக்கு ரெண்டு பேர் தொடர் ஓட்டம் இருக்கு. 400 மீட்டர் தடத்துல வேகமான ஒருத்தரும் மெதுவான ஒருத்தரும் ஒரு ஜோடி. ஒருத்தர் 200 மீட்டர் ஓடி, எதிர்ப்பக்கம் நிக்கிறவர் கையைத் தட்டணும். தட்டினவர் மைதானத்துக்குக் குறுக்கே நடந்து அடுத்த மாத்துற இடத்துக்குப் போகணும். 12 நிமிஷத்துல எந்த ஜோடி எத்தனை சுத்துன்னு கணக்கு. கத்தலும் சிரிப்பும் தானா வரும். ஆனா முதல் மூணு வாரத்துக்கு நீங்க இதுல சேராதீங்க, கால்வலி இருக்குன்னு சொல்றீங்க.

துடிப்பு பதில்:

வாட்ச் காட்டும் 175 பற்றி மட்டும். 220-லிருந்து வயதைக் கழித்தால் உங்களுக்கு 179. வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்கும் இன்னொரு சூத்திரமும் அதே 179-ஐத்தான் தரும். ஆனால் இவை சராசரிக் கணக்கு. ஒரே வயதுடைய இருவருக்கு உச்சத் துடிப்பு 10, 15 வித்தியாசப்படுவது சாதாரணம். எனவே இந்த எண்ணை வைத்து "உச்சத்தில் ஓடுகிறேன்" என்று பயப்படவும் வேண்டாம், வாட்ச் போட்டுத் தரும் வண்ண வண்ணத் துடிப்பு மண்டலங்களை அப்படியே நம்பவும் வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மணிக்கட்டில் ஒளியை வைத்துத் துடிப்பு அளக்கும் வாட்ச்கள் சில சமயம் கை ஆட்டத்தின் தாளத்தைத் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஓடும்போது நிமிடத்துக்கு 160 முதல் 175 அடி வரை வைப்போம் அல்லவா, அதே எண் திரையில் வரும். சந்தேகம் தீர, ஓட்டத்தை நிறுத்திய உடனே கழுத்து நாடியை 15 நொடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். வாட்ச் 174 என்று சொல்லும்போது விரல் 148 என்று சொன்னால், நம்ப வேண்டியது விரலை. பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு மேலே இரண்டு விரல் தள்ளி இறுக்கிக் கட்டினால் பெரும்பாலும் சரியாகும். மார்புப் பட்டை இன்னும் துல்லியம்.

ரத்த அழுத்தத்துக்கு, இதயத்துடிப்பையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. வாக்கியச் சோதனைதான் அவர்களுக்கு வழி. என்னைக் கேட்டால், முதல் மாதம் எல்லோருக்கும் அதுவே போதும். திரையில் நேரம் மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல், துடிப்பு தாறுமாறாகும் உணர்வு வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

குதிகால் பதில்:

யாரும் கால்வலியை விரிவாகத் தொடவில்லை, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். கீழ்க்கால் எலும்பின் உள் ஓரத்தை ஒரு விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்து, ஓடி உடல் சூடானதும் குறைந்தால், அது எலும்பை ஒட்டிய பகுதி சுமை தாங்காமல் தரும் வலி. சுமையைக் குறைத்தால் அடங்கும். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதித்தால் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஓட்டத்தை உடனே நிறுத்துங்கள். எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். மருத்துவரிடம் இந்தச் சந்தேகத்தைச் சொல்லியே கேளுங்கள்.

பலர் கணக்கில் சேர்க்காதது, பர்ப்பியும் ஜம்ப் ஸ்குவாட்டும் அந்த எலும்புக்கு ஓட்டத்தைப் போலவே அதிர்ச்சி தருபவை. வாரத்துக்கு 12 கிலோமீட்டர்தானே ஓடுகிறேன் என்று நினைப்பீர்கள், கால் அதோடு நூற்றுக்கணக்கான குதிப்புகளையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருக்கும். வலி அடங்கும்வரை பர்ப்பியில் குதிக்காமல் காலை ஒவ்வொன்றாகப் பின்னே வைத்து எழுங்கள், ஜம்ப் ஸ்குவாட்டுக்குப் பதில் மெதுவாக இறங்கும் ஸ்குவாட். நல்ல கோச் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் கெண்டைக்காலுக்கு: படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, இரு கால்களாலும் மேலே எழுந்து, 3 நொடி எடுத்துக் குதிகாலைக் கீழே இறக்குங்கள். 12 முறை, 3 சுற்று. முழங்காலை நேராக வைத்து ஒரு தடவை, லேசாக மடக்கி ஒரு தடவை. மடக்கிச் செய்வதை எல்லோரும் விட்டுவிடுவார்கள், ஆனால் ஓட்டத்தில் பெரும் சுமை வாங்கும் ஆழத் தசைக்கு அதுதான் தேவை.

கடைசியாக அடி எண்ணிக்கை. 30 நொடியில் வலது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். 156 வந்தால் 5 சதவீதம் கூட்டி 164 ஆக்குங்கள், வேகத்தைக் கூட்டாமல் அடியைச் சின்னதாக்கி. பாதம் உடலுக்குக் கீழே வந்து விழும், முழங்காலில் ஏறும் சுமை குறையும். எல்லோரும் 180 வைக்க வேண்டும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள், உயரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப அது மாறும்.

தடம்தேடி:

எல்லோருக்கும் நன்றி. விரலால் அழுத்திப் பார்த்தேன், வலி பரவலாகத்தான் இருக்கிறது, குதித்தால் வலிக்கவில்லை. ஒரு நாள் ஓட்டத்தை முதலில் வைக்க கோச் ஒத்துக்கொண்டார், நேர முறையையும் முயன்று பார்க்கலாம் என்றார். ஒரு கேள்வி: எவ்வளவு காலம் இப்படி மெதுவாகவே? வேகமாக ஓடுவதும் எனக்குப் பிடித்ததுதான்.

மிதவேகம் பதில்:

நான்கு வாரம் வாக்கியச் சோதனைக்குள்ளேயே ஓடுங்கள். கால்வலி முழுதாக அடங்கியிருந்தால் ஐந்தாம் வாரத்திலிருந்து, நிதான ஓட்டம் முடிந்த பிறகு, 4 குறுவேக ஓட்டங்கள் சேருங்கள். ஒவ்வொன்றும் 15 முதல் 20 நொடி. முதல் 5 நொடி மெல்ல ஏற்றி, நடுவில் முழுப் பலத்தில் பத்துக்கு எட்டு பங்கு, கடைசியில் தானாகத் தணிய விடுங்கள். நடுவே ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ நடை, மூச்சு முழுதாக அடங்கும்வரை. 20 நொடிக்குள் முடிந்துவிடுவதால் திணறல் வர நேரமே இருக்காது, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் சுகம் மட்டும் கிடைக்கும். நீங்கள் தேடுவது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். லேசான ஏற்றத்தில் செய்தால் காலில் அதிர்ச்சி இன்னும் குறைவு.

அதுவரை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேகம் பார்க்காதீர்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அதே பாதையில், நாளின் அதே நேரத்தில் 30 நிமிடம் பேசும் வேகத்தில் ஓடி எவ்வளவு தூரம் வந்தது என்று குறியுங்கள். தூரம் கூடினால் சரியாகப் போகிறது. கூடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது தூக்கம், அடுத்து சர்க்யூட்டின் சுமை. தூங்கியும் களைப்பு வாரக்கணக்கில் தீரவில்லை என்றால் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

கடைசிவரிசை:

அந்த 4 குறுவேகத்தையும் தனியா செய்யாதீங்க. குழு கூல்டவுன் பண்றப்போ இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டுக்கிட்டு ஓடுங்க. மெதுவான ஆள் 10 மீட்டர் முன்னாடி கிளம்பட்டும்.