எட்கா வந்தால் மிளகுக் கோட்டாவை எடுத்துவிடலாமா?

கொடிமிளகு:
இந்திய–இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதை விரிவாக்கும் எட்கா (பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம்) பேச்சு 2016-ல் ஆரம்பித்து, நடுவில் நின்று, 2023-ல் மறுபடி தொடங்கியது. சலுகை வரியில் ஆண்டுக்கு இவ்வளவுதான் வரலாம் என்ற கோட்டாக்களை எடுங்கள் என்பது கொழும்பின் பழைய கோரிக்கை. மிளகுக்கு மட்டுமாவது எடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

காரணம் வரி இடைவெளி. மிளகுக்குப் பொது இறக்குமதி வரி 70%. ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகள்) ஒப்பந்தத்தில் வந்தாலும் வியட்நாம் மிளகுக்கு 50%. இலங்கை மிளகோ ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியில்லாமல் வரலாம். அதைத் தாண்டினால் சாஃப்டா (தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தம்) வழியில் 8%. இப்படி இருந்தால் வியட்நாம் மூட்டை கொழும்பில் இறங்கி, பெயர் மாறிக் கொச்சிக்கு வராமல் என்ன செய்யும்? அந்தப் புகார் முற்றித்தான் 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். குடகிலும் வயநாட்டிலும் இடுக்கியிலும் காப்பிக்கு நடுவே கொடி ஏற்றியிருக்கும் சின்ன விவசாயிக்கு அந்த 500 தான் தடுப்புச் சுவர்.

கொழும்பான்:
அந்தச் சுவர் யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள். மாத்தளை, கண்டி, கேகாலையில் மிளகு போடுபவர்களும் சிறு தோட்டக்காரர்கள்தான். எங்கள் மிளகில் பைப்பரின் (காரச் சத்து) அதிகம். கேரளத்தில் ஒலியோரெசின் (மிளகுச் சாறு) எடுக்கும் தொழிற்சாலைகள் அதற்காகவே வாங்குகின்றன. உலக விலை 500-க்குக் கீழே போனால் உண்மையான மாத்தளை மிளகும் உங்கள் துறைமுகத்தில் நின்றுவிடும். மறு ஏற்றுமதிக்காக மிளகு இறக்குமதி செய்வதைப் பின்னர் இலங்கையே தடை செய்தது. அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையே நீங்கள்?

மிளகோடு முடியவில்லை. கோட்டா தேயிலைக்கு 1.5 கோடி கிலோ, ஆடைக்கு 80 இலட்சம் உருப்படி, வனஸ்பதி வகைக்கு 2.5 இலட்சம் தொன். ஆடைக் கோட்டாவில் பெரும்பகுதிக்கு இந்தியத் துணிதான் என்று முதலில் நிபந்தனை. அதிலும் குறித்த துறைமுகங்களுக்கு மட்டுமே அனுப்பலாம். துறைமுகத் தடையைப் பிறகு நீக்கினார்கள், ஆனால் அதற்குள் வாங்க இருந்தவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். நாளைக்குக் கோட்டா வருமா வராதா என்று தெரியாத நாட்டில் யார் ஆலை போடுவார்கள்?

துறைமுகத்தான்:
இருவரும் மிளகையும் வனஸ்பதியையும் ஒரே சாக்கில் கட்டுகிறீர்கள். இரண்டும் வேறு வேறு நோய்.

சரக்கு எந்த நாட்டுடையது என்று தீர்மானிக்கும் ஒப்பந்தத்தின் தோற்ற விதி இதுதான்: வெளிநாட்டு மூலப்பொருள் எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும்வரையிலான) விலையில் 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 35% உள்நாட்டு மதிப்புக் கூட்டல் வேண்டும் (இந்திய மூலப்பொருள் சேர்ந்தால் இலங்கைப் பங்கு 25% போதும்). கூடவே நான்கு இலக்க ஹெச்.எஸ். தலைப்பும் (சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எண்) மூலப்பொருளிலிருந்து மாற வேண்டும்.

மிளகைப் பாருங்கள். முழு மிளகு 0904. அரைத்த தூளும் 0904. கொழும்பில் வியட்நாம் மிளகைச் சுத்தம் செய்து, அரைத்து, பொட்டலம் போட்டாலும் தலைப்பு மாறாது, சலுகை கிடையாது. ஆகவே அது வந்தால் சுத்தமான சான்றிதழ் மோசடி. விதியில் ஓட்டை இல்லை.

வனஸ்பதியில் ஓட்டை விதியிலேயே இருந்தது. வெளியிலிருந்து வரும் பாமாயில் 1511, அதில் செய்யும் வனஸ்பதி 1516. செம்பும் அப்படியே: கழிவுச் செம்பு 7404, உருக்கிய செம்பு 7403. தலைப்பு தானாக மாறிவிடுகிறது. மிச்சம் 35%. ஒரு கணக்கு போடுவோம். பாமாயில் டன் 500 டாலர், பதப்படுத்தும் செலவு 60, ஆக 560. உண்மையான மதிப்புக் கூட்டல் 11% கூட இல்லை. ஆனால் 500-ஐ 0.65-ஆல் வகுத்தால் 769. அந்த விலைக்கு பில் போட்டால் 35% நிறைவேறிவிட்டது. இந்தியாவில் வரி 80% என்றால், வேறு நாட்டிலிருந்து வரும் அதே சரக்கு 1,008-க்கு வந்து விழும். 769 கொடுப்பவருக்கு இன்னும் 239 டாலர் லாபம். யாரும் பொய் சொல்லவில்லை, ஒரு காகிதமும் போலி இல்லை. இந்தியாவில் கட்ட வேண்டியிருந்த சுங்கவரியே ‘மதிப்புக் கூட்டல்’ என்று உருமாறி நிற்கிறது. அப்படி முளைத்த ஆலைகள் வரி இடைவெளி குறைந்ததும், கோட்டா வந்ததும் மூடித்தான் ஆக வேண்டும். அதை வளர்ச்சி என்று இலங்கை எண்ணியது பெரிய தவறு என்பேன்.

கொடிமிளகு:
மோசடி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் 500 ரூபாய் விலை இருக்கட்டுமே.

துறைமுகத்தான்:
மோசடியை அது நிறுத்தாது. 350 ரூபாய் சரக்கை 500 என்று பில் போடுகிறார்கள் என்று வையுங்கள். 8% வரியில் கூடுதல் 150-க்குக் கட்டுவது 12 ரூபாய். வங்கி வழியாகப் போன 150 வேறு வழியில் திரும்பி வந்துவிடும். நேர்மையாக 350-க்கு பில் போடுபவர் மட்டும் வெளியே நிற்பார்.

2020 செப்டம்பர் 21 முதல் இந்தியச் சுங்கத்தின் கரோட்டார் விதி (சலுகை வரி கேட்பவர் தோற்றத்தைக் காட்ட வேண்டிய முறை) இருக்கிறது. சான்றிதழ் மட்டும் காட்டித் தப்ப முடியாது. சரக்கு எப்படி அந்த நாட்டில் உருவானது என்ற விவரத்தை இறக்குமதியாளரே ஃபார்ம்-1-ல் வைத்திருந்து, ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சுங்க அதிகாரி கேட்கலாம், வழங்கிய நாட்டுக்கு எழுதிச் சரிபார்க்கலாம்.

கொழும்பான்:
நல்ல விதி. ஆனால் சரிபார்ப்பு முடியும்வரை பிணை கட்டிச் சரக்கை எடுக்கச் சிறு வணிகருக்கு எங்கே பணம்? வனஸ்பதிக் கணக்கை ஏற்கிறேன். எட்காவில் 35 வீதத்தை எஃப்.ஓ.பி.-யில் கழித்துப் பார்க்காமல் பொருள், கூலி, ஆலைச் செலவு என்று கீழிருந்து கூட்டி, இலாபத்தை விட்டுவிட்டுக் கணக்கிடட்டும். கோட்டாவுக்கு அப்போது வேலை இருக்காது.

இந்தியர்கள் எங்கள் பக்கத்துக் குறையையும் கேட்கலாம். தீர்வையைக் குறைத்துவிட்டு செஸ் (கூடுதல் வரி), துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி என்று மேலே மேலே ஏற்றியது நாங்கள். அது தொடர்ந்தால் எந்த ஒப்பந்தமும் காகிதம்தான்.

கொடிமிளகு:
கீழிருந்து கூட்டும் முறை வனஸ்பதிக்குச் சரி. மிளகுக்கு உதவாது, அங்கே கூட்ட ஒன்றுமில்லை. கிடங்கில் பாதிக்குப் பாதி கலந்துவிட்டால் பைப்பரின் சோதனையும் லிட்டர் எடையும் (ஒரு லிட்டர் மிளகின் எடை) எந்த ஊர் என்று சொல்லாது.

துறைமுகத்தான்:
அளவுக் கணக்கு சொல்லும். கொழும்பில் 0904-ல் மாதாமாதம் இறங்கும் டன், அங்கிருந்து வெளியேறும் டன், உள்நாட்டு விளைச்சல் மதிப்பீடு, இந்த மூன்றையும் இரு சுங்கத்துறைகளும் பகிர்ந்தால் போதும். சான்றிதழில் கொள்முதல் நிலையமும் லாட் எண்ணும் ஏற வேண்டும். மூன்று பருவம் கணக்கு ஒத்துப்போனால் 500 ரூபாய் விலையை எடுக்கலாம், பிறகு 2,500 டன்னையும்.

கொடிமிளகு:
மூன்று பருவம் ஒத்துப்போகட்டும், விலையை எடுங்கள். 2,500 டன்னுக்கு ஐந்து பருவம் கேட்பேன். கொடி நட்டு முழுக் காய்ப்பு வர அதைவிடவும் கூடுதல் வருடம் ஆகிறது.