நம் தேசிய மலர் பற்றிய கட்டுரை நாலே வரியில் நிற்கிறது

கேள்வி: ட்ரோகெட்டியா பூட்டோனியானா பற்றித் தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் இருக்கும் கட்டுரையை விரிவாக்கப் போகிறேன். இப்போது அரிய செடி, சிவப்புப் பூ, மொரீஷியசின் தேசிய மலர், ஸ்டெர்குலியேசியே குடும்பம், அவ்வளவுதான். இங்கே எல்லோரும் புக்ல் தொரேய், அதாவது காதணி என்கிறோமே, தலைப்பை ஜிமிக்கிப் பூ என்று மாற்றிவிடலாமா?

பதில்: தலைப்பில் மட்டும் கை வைக்காதீர்கள் தம்பி, ஜிமிக்கி நீங்கள் வைத்த பெயர். உள்ளூர்ப் பெயரை முதல் வரியில் சொன்னால் போதும். குடும்பம் பழைய வகைப்பாடு, இப்போது மால்வேசியே, நம் செம்பருத்தியின் சொந்தம். தேசிய மலரானது 1992 மார்ச் 12, நாடு குடியரசான அதே நாள். காட்டில் தானாக வளர்வது லெ மோர்ன் மலையில் மட்டும்தான், அதை முதலில் எழுதுங்கள்.

இன்னொருவர்: தேனை விட்டுவிட்டீர்களே அக்கா! பெரும்பாலான பூக்களில் தேன் நிறமில்லாமல் இருக்கும், இதில் நிறத்தோடு இருக்கும். ஆனால் பல்லி மகரந்தம் சேர்க்கிறது என்று 2007இல் வந்த ஆய்வு இதன் சகோதர இனமான ட்ரோகெட்டியா பிளாக்பர்னியானா பற்றியது, அடர்ந்த தாழைப் புதர்களில் பல்லிகள் தங்குவதால் பக்கத்துச் செடிகள் அதிகம் காய்த்தன என்று அதில் வரும். இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

கேட்டவர்: சரி அக்கா, இன்று ராத்திரியே மாற்றுகிறேன். வீட்டுத் தொட்டியில் பூத்ததைப் படம் போடலாமா?

பதில்: தாராளமாக, வளர்ப்புச் செடி என்று கீழே எழுதிவிட்டு. மலையில் எடுத்த படமென்றால் எந்தப் பாறை என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் பிடுங்க ஆள் கிளம்பிவிடும்.