வெய்ரானின் 16 பிளக்குகளும் வீட்டுக் கராஜும்

கராஜ் கந்தசாமி:
புகாட்டி வெய்ரானுக்கு ஒரு முறை ஆயில் மாற்ற 20,000 டாலருக்கு மேல் ஆகிறது, ஆகவே ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ஸ்பானரைத் தொடாமல் டீலரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை என்று நண்பர் கணக்கப்பிள்ளை நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் தீரவில்லை. என்னிடம் இருப்பது 997 வரிசைப் போர்ஷே 911. போர்ஷே ஏ40 தரச்சான்று பெற்ற ஆயில் சுமார் 8 லிட்டர், ஒரு ஃபில்டர், ஒரு புதிய வாஷர் ஆகியவற்றை நூறு டாலரை ஒட்டிய தொகைக்கு வாங்கி, வேலையை வீட்டிலேயே முடித்துவிடுகிறேன். இதே வேலைக்கு இங்குள்ள டீலர் ஒருவர் மூன்று மடங்குக்கு மேல் கேட்டார். வெய்ரானில் 16 டிரெயின் பிளக் (பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் அடைப்புத் திருகு) இருப்பதைச் சொல்லி ஊரைப் பயமுறுத்துகிறார்களே, 20,000 டாலரை 16 ஆல் வகுத்தால் ஒரு பிளக்குக்கு 1,250 டாலர் வருகிறது. ஒரு பிளக்கைக் கழற்றத் தெரிந்தவனுக்குப் பதினாறையும் கழற்றத் தெரியும்.

கணக்கப்பிள்ளை:
கந்தசாமி அவர்களே, அந்தப் பணம் பிளக்கைக் கழற்றுவதற்கல்ல, பிளக்கை அடைவதற்கு. வெய்ரானின் 8 லிட்டர், 16 சிலிண்டர் டபிள்யூ16 எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், நான்கு டர்போக்களோடு நெருக்கி அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பின் சக்கரங்கள், சக்கரக் குழியின் உள்மூடிகள், பின்பக்க உடற்பகுதியின் பலகைகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினால்தான் வேலையே ஆரம்பமாகும். 2005 முதல் 2015 வரை மொத்தமே 450 கார்கள்தான் தயாரிக்கப்பட்டன; ஒரு பலகையில் கீறல் விழுந்தால் பக்கத்துத் தெருக் கடையில் மாற்று கிடைக்காது. மேலும், உங்கள் நூறு டாலர்க் கணக்கில் உங்கள் சனிக்கிழமையின் கூலி எங்கே?

கராஜ் கந்தசாமி:
என் சனிக்கிழமைக்கு நான் எனக்கே பில் அனுப்புவதில்லை. கேள்வி அதுவல்ல. ஒரு பிளக்குக்கு 1,250 டாலர் நியாயமா, இல்லையா என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தென்றல் 986:
இருவருக்கும் ஒரு கேள்வி. வண்டியை வெளியில் விடுவது என்று நீங்கள் சொல்வது டீலரிடமா, தனியாகக் கடை வைத்திருக்கும் போர்ஷே மெக்கானிக்கிடமா? என் 986 வரிசைப் போர்ஷே பாக்ஸ்டரை அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் விடுகிறேன். டீலர் கேட்பதைவிடக் கணிசமாகக் குறைவாகத்தான் அவர் வாங்குகிறார். அதைத் தெளிவுபடுத்தாமல் எந்த விலையை எந்த விலையோடு ஒப்பிடுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

கராஜ் கந்தசாமி:
அம்மா, மெக்கானிக் யாராக இருந்தாலும் ஃபில்டரைப் பிரித்து உங்களுக்குக் காட்டுகிறாரா என்பதுதான் முக்கியம். நான் பழைய ஃபில்டரின் தாள் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்க்கிறேன். எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் ஐஎம்எஸ் பேரிங் தேயத் தொடங்கியிருந்தால் மினுமினுக்கும் உலோகத் துகள் அங்கேதான் முதலில் தென்படும்; உங்கள் 986 உம் அந்தப் பேரிங்குக்குப் பேர்போன வண்டிதான். பிறகு பிளக்கை 50 நியூட்டன் மீட்டருக்கும், ஃபில்டர் மூடியை 25க்கும், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குகிறேன். கணக்கப்பிள்ளையின் டீலர் கடையில் காற்றுத் துப்பாக்கியை வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போகமாட்டார்கள் என்பதற்கு அவர் உத்தரவாதம் தருவாரா?

கணக்கப்பிள்ளை:
உத்தரவாதத்தைப் பற்றி நீங்களே பேச்செடுத்தது நல்லதாயிற்று. புதிய காரில் நீங்கள் இப்படிக் கைவைத்தால் நிறுவனத்தின் வாரண்டி போய்விடும். சென்ற மாதம் பிரேக் பேட் பற்றிய விவாதத்திலும் இதையே சொன்னேன். அப்போதும் நீங்கள் பதில் சொல்லாமல் நழுவினீர்கள்.

கராஜ் கந்தசாமி:
நான் நழுவவில்லை, ஊரில் இல்லை. அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டிலிருந்து மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இருக்கிறது. இலவசமாகச் செய்து தராத வரையில், தன் கடையில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று எந்த நிறுவனமும் வாரண்டிக்கு நிபந்தனை போட முடியாது. ஆயில் வாங்கிய ரசீதையும், மாற்றிய தேதியையும் மைலையும் குறித்து வைத்தால் போதும். சட்டம் படித்தாயிற்று, இனி வகுத்தலுக்கு வருவோமா? ஒரு பிளக்குக்கு 1,250 டாலர்.

டிராக் பிரியன்:
ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. வளைவுகளில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்காகத்தான் வெய்ரானிலும், கார்வெட் சி8 போன்ற கார்களிலும் டிரை சம்ப் முறையை வைத்திருக்கிறார்கள். அடியில் ஒரே தொட்டியாக இல்லாமல் ஆயில் தனித் தொட்டியிலும் குழாய்களிலும் தங்குவதால் வடிப்பதும் சிக்கல், அளவு பார்ப்பதும் சிக்கல். ஆயில் எஞ்சினின் அடித்தொட்டியிலேயே தங்கும் வெட் சம்ப் வண்டியில் பழகிய கையோடு குளிர்ந்த எஞ்சினில் அளவு பார்த்து, குறைவாக இருப்பதாக நினைத்து, மேலும் ஊற்றிவிடுபவர்கள் உண்டு. பிளக்கின் எண்ணிக்கையை விட்டுவிட்டு இதைப் பேசலாமே.

கராஜ் கந்தசாமி:
பிளக்கின் எண்ணிக்கையைக் கொண்டுவந்தவர் கணக்கப்பிள்ளை. முதலில் அவர் விடட்டும்.

கணக்கப்பிள்ளை:
நான் 20,000 டாலர் என்றுதான் எழுதினேன். பதினாறு என்ற எண்ணை எடுத்து வந்ததும் நீங்கள், வகுத்ததும் நீங்கள். அது போகட்டும், வடித்த பழைய ஆயிலை என்ன செய்கிறீர்கள்? ஒரே ஒரு ஆயில் மாற்றத்தின் கழிவு பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. அந்தச் செலவும் உங்கள் நூறு டாலரில் இல்லை.

கராஜ் கந்தசாமி:
உதிரிபாகக் கடைகள் பலவற்றில் பழைய ஆயிலைக் காசு வாங்காமல் பெற்றுக்கொள்கிறார்கள் என்பது, டீலர் கடையின் காத்திருப்பு அறையில் காப்பி குடித்தே பழகியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கேனில் ஊற்றி, மூடி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

கணக்கப்பிள்ளை:
ஜாக் ஸ்டாண்ட், அந்தத் தாழ்வான வண்டிக்கென்று வாங்கிய நீளச் சாய்தளம், ஃபில்டர் மூடியைத் திறக்கும் 74 மில்லிமீட்டர்க் குவளைச் சாவி, டார்க் ரெஞ்ச், இப்போது இந்தக் கேனும். இவையெல்லாம் சீதனமாக வந்தனவா?

தென்றல் 986:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் இருவரும் பதில் சொல்லவில்லை.

கராஜ் கந்தசாமி:
கருவிகளை ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் உழைக்கும். டீலரின் பில் ஆண்டுதோறும் வரும். வெய்ரானின் கீழே படுத்துப் பார்க்காத ஒருவர் எனக்கு அதன் பலகைகளைப் பற்றி வகுப்பு எடுப்பதுதான் வேடிக்கை.

கணக்கப்பிள்ளை:
நீங்கள் படுத்திருக்கிறீர்களா?

கராஜ் கந்தசாமி:
பிளக்குக்குக் கீழே படுத்திருக்கிறேன். பிளக் என்பது பிளக்தான். 16 பிளக், 1,250 டாலர். இதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.