எல்.எல்.பி. கடைசி ஆண்டு: இன்டர்ன்ஷிப், கோர்ட் ரெக்கார்டு, ஒரு அரியர். வழி சொல்லுங்கள்

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். மூன்றாண்டு எல்.எல்.பி.யில் கடைசி ஆண்டு. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு சேர்ந்த படிப்பு. வருகைப்பதிவு 70 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, அதில் கவலை இல்லை.

12 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும் என்கிறார்கள். முதல் ஆண்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் 4 வாரம், போன ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் 4 வாரம் முடித்திருக்கிறேன். மீதியை எங்கே செய்வது?

அப்புறம், மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற வாதம்) தாளுக்கு சிவில் ஒன்று, கிரிமினல் ஒன்று என இரண்டு வழக்கின் விசாரணையைப் பார்த்து ரெக்கார்டு எழுத வேண்டும். "போன வருஷ ரெக்கார்டைப் பார்த்து எழுதிடுங்கக்கா, யாரு படிக்கப் போறா" என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போனால் பாதி நாள் வாய்தாதான். ஒரு வழக்கை முழுக்கப் பார்க்க எத்தனை மாதம் ஆகும்?

சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் ஒரு அரியர் வேறு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிய முடியுமா?

முன்சீப் கோர்ட் வக்கீல்

மீதி 4 வாரத்தைக் கண்டிப்பாக ஒரு வழக்கறிஞரிடம் செய்யுங்கள். விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களிடம் ஒரு தடவையாவது இருந்திருக்க வேண்டும் என்று இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளிலேயே இருக்கிறது. நீங்கள் போன இரண்டு இடமும் அந்தக் கணக்கில் வராது. முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மீது சார்பு நீதிமன்றத்தில் அப்பீல் நடத்தும் சீனியர் உங்கள் ஊரிலேயே இருப்பார். அவரிடம் சேர்ந்தால் இரண்டையும் பார்த்துவிடலாம். ஒரே மூச்சில் 4 வாரத்துக்கு மேல் செய்தால் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரெக்கார்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு மனசு வராததுதான் சரி. அந்தத் தாளின் 100 மதிப்பெண்ணில் 30 மூட் கோர்ட்டுக்கு, 30 விசாரணை பார்த்ததற்கு, 30 கட்சிக்காரரிடம் (வழக்கோடு வருபவரிடம்) வக்கீல் எடுக்கும் பேட்டியும் வழக்குத் தாக்கல் தயாரிப்பும் பார்த்து டைரி எழுதியதற்கு, 10 வாய்மொழித் தேர்வுக்கு. பார்த்து எழுதிய ரெக்கார்டு அந்த வாய்மொழித் தேர்வில் பல்லிளித்துவிடும்.

ஒன்று சொல்கிறேன். சிவில் வழக்கில் சாட்சியின் முதல் விசாரணை, அதாவது அவர் தன் தரப்பைச் சொல்வது, இப்போது நிரூபண வாக்குமூலமாக, காகிதத்தில்தான் வரும். சாட்சி கூண்டில் ஏறி அதை உறுதிசெய்வார், வாதி தரப்பு சான்றாவணங்களுக்கு வா.சா.ஆ.1, வா.சா.ஆ.2 என்று குறியீடு போடுவார்கள், நேரே குறுக்கு விசாரணை. கோர்ட்டுக்கே போகாமல் எழுதியவர்கள், வாதி கூண்டில் நின்று தன் கதை முழுவதையும் சொன்னதாக இரண்டு பக்கம் எழுதியிருப்பார்கள். கிரிமினலில்தான் பெரும்பாலும் அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) தொடங்கி ஒவ்வொருவரும் வாயால் சொல்வதைக் கேட்க முடியும்.

இன்னொன்று. பழைய ரெக்கார்டில், குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி கேள்வி கேட்கும் கட்டத்துக்கு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 313 என்று இருக்கும். அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) அது 351. ஆனால் 2024 ஜூலை 1க்கு முன்பே விசாரணையில் இருந்த வழக்கு என்றால் பழைய சட்டப்படியே நடக்கும். உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தன் வழக்கில் எது என்று தெரியும்.

ஒரு வழக்கை முழுக்கப் பார்க்கத் தேவையில்லை. வெவ்வேறு நாளில் கண்ட கட்டங்களை எழுதச் சொல்லித்தான் விதி கேட்கிறது. வாய்தா நாளை வீணாக்காமல் இருக்க ஒரு வழி: காலையில் பத்தேகாலுக்கே போய், ஸ்டேஷன் சார்பில் வந்திருக்கும் கோர்ட் கான்ஸ்டபிளிடம் "இன்னைக்கு எந்தக் கேஸ்ல சாட்சி வந்திருக்காங்க?" என்று கேளுங்கள். சாட்சியைக் கூட்டிக்கொண்டு வருவதே அவர்தான். சிவிலுக்கு இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அடுத்த தேதி என்ன என்று வந்துவிடும். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) வழக்கு நடக்கும்போது உள்ளே போகாதீர்கள், அது மூடிய அறை விசாரணை.

கட்சிக்காரர் பேட்டியை சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் பார்க்கலாம். அங்கே 4 வாரம் இருந்தவருக்கு இரண்டு பேட்டியாவது கிடைத்திருக்குமே. டைரியைப் பாருங்கள்.

புதுக் கருங்கோட்டு

அரியருக்குப் பதில்: முடியாது. பட்டம் கையில் இருந்தால்தான் பதிவு. அதனால் அந்தத் தாளை முதலில் முடியுங்கள். பதிவுக் கட்டணத்தில் யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். வழக்கறிஞர்கள் சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. முத்திரைக் கட்டணம் இருந்தால் அது தனி. பதிந்து 2 ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டு போகலாம், அதனால் இப்போதே அடிக்கோடு போடாத ஒரு செட் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை

இருவருக்கும் நன்றி. டைரியைப் புரட்டிப் பார்த்தேன். ஜீவனாம்சம் கேட்டு வந்த ஒரு அம்மாவிடம் ஆணைக்குழுவின் பேனல் வக்கீல் பேசியதை எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் பெயர், ஊர் எல்லாம் அப்படியே இருக்கிறது. அதை ரெக்கார்டில் போடலாமா? கோர்ட்டில் உட்கார என்ன உடை?

முன்சீப் கோர்ட் வக்கீல்

பெயரும் ஊரும் வேண்டாம். "மனுதாரர்" என்று மட்டும் எழுதுங்கள். அந்த அம்மா நம்பிச் சொன்னது வேறு யார் கைக்கும் போகக் கூடாது. வக்கீல் எந்த வரிசையில் கேட்டார், கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, கணவரின் சம்பளத்துக்கு ஆதாரம் என்று எதையெல்லாம் கொண்டுவரச் சொன்னார் என்பதை விரிவாக எழுதுங்கள். மதிப்பெண் அதற்குத்தான்.

உடை வெள்ளையும் கறுப்பும், மேலே கறுப்புக் கோட்டு. வக்கீல்கள் கட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் கவுனும் பதிவு செய்த பிறகுதான். பின் பெஞ்சில் உட்காருங்கள், போன் சைலன்ட்டில் இருக்கட்டும், நீதிபதி பெஞ்சுக்கு வரும்போது எழுந்து நில்லுங்கள். சீனியர் கிடைக்கவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள், கேட்டுப் பார்க்கிறேன்.