ஏற்காடு சென்ற நாளில் அம்மாவுக்குக் குமட்டல் மட்டும் நினைவில் நிற்பது ஏன்?

கேள்வி (அஸ்தம்பட்டி):
ஏரியில் படகு, லேடீஸ் சீட் காட்சிமுனையில் மாலைக் காற்று என்று நாள் முழுக்க மகிழ்ந்திருந்த அம்மா, இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல் எடுத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வீடு வந்து சேர்ந்தார். இப்போது யார் கேட்டாலும் அதை மட்டுமே சொல்கிறார். மனம் ஏன் இப்படிச் செய்கிறது?

பதில் (ஓமலூர்):
ஓர் அனுபவத்தை அதன் நீளத்தைவிட உச்சத்தையும் முடிவையும் கொண்டே நினைவு மதிப்பிடுகிறது. உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றோர் ஒருமுறை வலிக்கும் அளவு குளிர்ந்த 14 டிகிரி செல்சியஸ் நீரில் 60 விநாடிகள் கையை வைத்திருந்தனர். மறுமுறை அதே 60 விநாடிகளோடு, நீர் மெல்ல 15 டிகிரியை எட்டும் வரை மேலும் 30 விநாடிகள் வைத்திருந்தனர். மீண்டும் எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது, வலி கூடுதலான நீண்ட சோதனையையே பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தனர். அதன் முடிவு சற்று இதமாக இருந்ததே காரணம். அம்மாவுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம் என்று கருதுகிறேன்.

பதில் (ஏற்காடு):
மகிழ்ச்சி அழிந்துவிடவில்லை, ஐயா. பொதுவாகக் கேட்காமல், படகில் பக்கத்தில் யார் அமர்ந்திருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். குறிப்பான தூண்டுதல் கிடைத்தால் புதைந்த நினைவும் எழுந்து வரும். அடுத்த முறை அவரை முன்னிருக்கையில் அமர்த்தி, அடிவாரத்தில் சற்று இளைப்பாறிவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கேட்டேன். படகில் பேத்தி தன் விரலை விடாமல் பற்றியிருந்ததை அம்மா நெடுநேரம் சொன்னார். இருவருக்கும் நன்றி.