புதுப்பிப்பு: வாளையார் பக்கத்துச் சுவரொட்டிக்குப் பசையும் அச்சுத்தகடும்

தமிழக-கேரள எல்லையிலுள்ள வாளையார் பக்கம் ஒட்டும் தமிழ், மலையாளச் சுவரொட்டிகளுக்கு, போன பதிவில் சார்ட் அட்டை, போஸ்டர் கலர், மைதா பசை என்று எழுதியிருந்தோம். இரண்டாம் நாளே ஓரம் சுருண்டுவிட்டது, மழையில் எழுத்து வழிந்துவிட்டது என்று பலர் சொன்னார்கள். திருத்தங்கள் இவை.

சார்ட் வேண்டாம். தடித்த தாள் காயும்போது விறைத்துச் சுவரை விட்டு எழும்பும். 60-70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தாள் போதும். போஸ்டர் கலர் தண்ணீரில் கரையும். வெளிச்சுவருக்கான எமல்ஷன் பெயின்டில் கறுப்பு ஸ்டெய்னர் (நிறமேற்றும் சாயம்) கலந்தால் காய்ந்தபின் நிற்கும்.

பசைக்கு ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஐந்து கப் தண்ணீரில் ஊற்றி, பளபளப்பு வரும்வரை கிளறவும். மாவு வேகாவிட்டால் ஒட்டாது. பூஞ்சைக்கு அரை டீஸ்பூன் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). அது விஷம், பாத்திரம் தனி, கையுறை கட்டாயம். ஆடு மேயும் உயரத்தில் ஒட்டுவதானால் துத்தமே வேண்டாம். சுண்ணாம்பு உதிரும் சுவரை முதலில் துடைப்பத்தால் தேய்க்கவும். பசையைச் சுவரில் ஒரு பூச்சு, ஒட்டியபின் தாளின் மேலும் ஒரு பூச்சு, ஓரங்களில் தாராளமாக.

அச்சுத்தகட்டுக்கு (எழுத்தை வெட்டியெடுத்து, அதன் வழியே மை தட்டும் ஸ்டென்சில்) பழைய எக்ஸ்ரே தாள் அருமை. சிக்கல் எழுத்தில்தான். ண, ன, ஒற்றைக்கொம்பு போன்ற சுழிகளை அப்படியே வெட்டினால் நடுத்துண்டு விழுந்து, சுழி கறுப்புப் பொட்டாகிவிடும். நடுத்துண்டை வெளித்தாளோடு பிடித்துவைக்க 4-5 மி.மீ. அகலத்துக்கு வெட்டாத இணைப்பு, அதாவது பாலம், விடுங்கள். மலையாள எழுத்தோ வளையல் கடை. பாலம் இன்னும் அதிகம் வேண்டும். மேலே சொன்ன எமல்ஷன் மையில் பஞ்சை நனைத்து, பழந்துணியில் ஒற்றிவிட்டு, செங்குத்தாகத் தட்டுங்கள். இழுத்தால் மை அடியில் புகும்.

தமிழகப் பக்கம் 1959-ஆம் ஆண்டின் திறந்தவெளி இடங்கள் உருக்குலைப்புத் தடுப்புச் சட்டம் உண்டு. சுவர்க்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.