டிராகன் ஓவியம்: தாளில் தொடங்கித் திரையில் முடிப்பவர்களின் ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். மிகுபுனைவுக் காட்சிகளை, குறிப்பாக டிராகன்களை, 6 ஆண்டுகளாக நீர்வண்ணத்தில் வரைந்து வரும் நான், அண்மையில் ஒரு டேப்லெட் வாங்கி கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் பழகத் தொடங்கியிருக்கிறேன்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள சொரசொரப்புத் தாளை நன்கு நனைத்து அல்ட்ராமரைன் நீலத்தைப் பரப்பினால், அதன் நிறமித் துகள்கள் தாளின் பள்ளங்களில் தங்கி, நான் திட்டமிடாத மூடுபனி ஒன்றை மலைச்சரிவில் உண்டாக்கிவிடுகின்றன. அந்த மலை உண்மையிலேயே எங்கோ இருப்பதாக எனக்கே தோன்றிவிடும். திரையிலோ செதில்களைத் தனி லேயரில் (அடுக்கில்) வைத்துக்கொண்டு, நெருப்பின் ஒளி எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்பதைப் பத்து முறை மாற்றிப் பார்க்க முடிகிறது. தாளில் அதற்கு வழியே இல்லை. ஆயினும், திரையில் முடித்த படம் வழவழப்பாக, உயிர் குறைந்ததாகவே என் கண்ணுக்குப் படுகிறது.

ஆகவே, கோட்டோவியத்தையும் முதல் வண்ணப் பூச்சையும் தாளில் முடித்து, ஸ்கேன் செய்து, ஒளியை மட்டும் கிரிட்டாவில் சேர்க்க எண்ணுகிறேன். இம்முறையைப் பின்பற்றுவோர் இங்கு இருக்கிறீர்களா? துகள்களின் நுண்மை கெடாமலிருக்க ஸ்கேனுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) போதுமா, 600 வேண்டுமா? நெருப்பொளிக்கு, கீழ் அடுக்கின் வண்ணத்தை வெளிச்சமாக்கும் ‘ஸ்கிரீன்’ கலப்பு முறை பொருந்துமா? உங்கள் ஓவியத்தின் ஒரு சிறு பகுதியை நெருக்கமாகப் படமெடுத்து இணைத்தால் பேருதவியாக இருக்கும்.